நோன்பு திறந்ததும் விழுங்கிய குளிசைகள்

போன வருடம் நோன்பு மாதத்தில் நடந்தது இது. மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டிப் பக்கம் எங்கள் வீடு. மீன் பெட்டி தூக்கித் தூக்கி என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. டொக்டர் குளிசை கொடுத்து, மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்.

நோன்போடு பகலில் எப்படிப் போடுவது? இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பொழுது சாய்ந்து நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், மூன்று வேளைக் குளிசையும் ஒரே வாயில்!

“கஞ்சியைக் குடிச்சிட்டுப் போடுங்கோவன்” என்றால், “வலி எனக்கோ உனக்கோ?” என்பார்.

அது போதாதென்று பக்கத்து வீட்டு மச்சான் தன் இடுப்பு வலிக் குளிசையையும் கொண்டுவந்து கொடுத்தார். “இது வேற கலர், வேற மருந்து மச்சான். ரெண்டும் சேந்தா வலி பறந்திடும்.”

வலி பறந்தது உண்மைதான். பிறகு வயிறு எரிகிறது என்றார். கேட்டால், நோன்புப் பசியாம்! ஒருநாள் தொழுதுவிட்டு வந்தவர் முற்றத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்தார். கோப்பித்தூள் போலக் கறுப்பு. கை கால் குளிர்ந்துவிட்டது. கலிமாவைச் சொல்லிச் சொல்லியே அவரை ஓட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் விசாரித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஐயா, ரெண்டும் ஒரே சாதி மருந்து, சட்டைதான் வேற. வீக்கத்தை வத்த வைக்கும், ஆனா வயித்தைப் புண்ணாக்கும். கறுப்பா வந்தது அந்தப் புண்ணில கசிஞ்ச ரத்தம். வெறும் வயித்தில போடவே கூடாது. எல்லாரும் வலிக்குப் போடுற பனடோல், அதான் பரசிற்றமோல், வேற வகை. அது வீக்கத்தைப் பெரிசா வத்த வைக்காது, வலியைக் குறைக்கும். அதுவும் அளவு மிஞ்சினா ஈரலுக்குக் கூடாது. நோன்பெண்டு சொல்லியிருந்தா வேற மாதிரித் தந்திருப்பினமே?”

“சொன்னா நோன்பை விடச் சொல்லுவினமெண்டு பயந்தனான்” என்றார் இவர், கட்டிலில் கிடந்தபடி.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “வருத்தக்காரருக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். நீங்கள் அவனை விடப் பெரிய ஆளோ?” என்று கத்திவிட்டேன். அடுத்த கட்டில்காரர் சிரித்தார். எனக்கோ கண்ணீர் நிற்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், ஆளைக் காப்பாற்றித் தந்தார்கள். விட்ட நோன்புகளை உடம்பு தேறிய பிறகு பிடித்து முடித்தார். படைத்தவனுக்காக நாள் முழுக்கப் பசி தாங்கியவருக்கு டொக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரவில்லையே என்று இன்றும் மனம் ஆறவில்லை. ஆனால் இந்த உடம்பும் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்தான் என்பதை, அந்த ஓட்டோவில் அவருடைய குளிர்ந்த கையைப் பிடித்திருந்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.