தர்மனுக்கு மறக்காத வரி

என் தம்பி இளையபெருமாள் தான் கட்டிய பாட்டில் ஒரு வரியைக்கூட எழுதி வைத்ததில்லை. எழுதத் தெரியாதவன் அல்ல. பிளஸ் டூ படித்தவன். எட்டாவதோடு நின்றுபோன நான்தான் எழுதி வைத்தேன். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அளவு நோட்டில் முன்பக்கத்திலிருந்து ஊர்ப் பெண்களின் அளவு, பின்பக்கத்திலிருந்து தம்பியின் பாட்டு. இரண்டுக்கும் தேதி போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் பூலாம்பாடிக்குப் பக்கம். தம்பி டிராக்டர் ஓட்டுகிறான். மழைக்காலத்தில் உழவு, அதன்பின் மக்காச்சோளம் அடிப்பது. மார்கழியிலிருந்து பங்குனி வரை எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றுவது. சித்திரையில் எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா. காப்புக் கட்டிய சாயங்காலத்திலிருந்து பெண்கள் கோயில் முன்னால் கும்மி பழகுவோம். எட்டாம் நாள் அம்மன் முன்னால் அடிப்போம். ஆறு வருடமாக அந்தக் கும்மிக்கு வருடம் ஒரு புதுப்பாட்டு கொடுத்தவன் என் தம்பி. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து போனில் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் வரிசையில் நின்று கை தட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொள்வேன்.

அந்தப் பாட்டெல்லாம் ஆலை வரிசையில் பிறந்தவை. கரும்பு வண்டி போனவுடன் இறக்கிவிட்டுத் திரும்பிவிட முடியாது. டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வரத்து அதிகமான நாளில் பகல் முழுக்க நிற்பார்கள். பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி. நகரும்போது வண்டியில் ஆள் இல்லாவிட்டால் பின்னால் நிற்பவன் முந்திக்கொள்வான். அதனால் டிரைவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். ஒருவன் கண்ணயர்ந்தால் மற்றவன் இரண்டு வண்டியையும் நகர்த்துவான். தம்பியின் கூட்டாளி, அரும்பாவூர் தர்மன்.

தர்மன் நல்லவன். ஆனால் அவனுக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்காது. துண்டை மறப்பான், சோற்றுச் சட்டியை மறப்பான், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருவான். ஒருமுறை தூங்கி எழுந்தவன், தன் வண்டி என்று நினைத்துத் தம்பியின் வண்டியை எடை மேடைக்கே ஓட்டிப் போய்விட்டான். டோக்கன் நம்பர் ஒத்து வரவில்லை.

"நம்பர பாத்து ஏற மாட்டியாடா?" என்று தம்பி கேட்டதற்கு, "சாவி சேந்துச்சு, ஏறிட்டேன்" என்றானாம்.

இந்த மறதிக்காரனை வைத்துத்தான் தம்பி பாட்டுக் கட்டினான். வண்டி நிற்கும் நேரத்தில் தோன்றியதைப் பாடுவான். தர்மன் மட்கார்டில் தட்டுவான். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் தர்மன் டயரைத் தட்டிப் பார்க்கும்போதோ, கரும்புக் கட்டுக்குக் கயிறு இழுக்கும்போதோ தன்னை அறியாமல் எதையாவது முனகுவான். அவன் வாயில் வந்த வரி பாட்டில் நிற்கும். வராத வரியைத் தம்பி விட்டுவிடுவான்.

இது எனக்கு வெகுநாள் தெரியாது. வீட்டில் அவன் பாடியதை எல்லாம் நான் எழுதி வைத்துக்கொண்டே வந்தேன். கும்மி நாளில் பார்த்தால் பாதி வரி இருக்காது. ஒருநாள் கேட்டேன்.

"ஏன்டா, மழைக்கு ஒதுங்குன கிளின்னு ஒரு வரி வச்சியே, அது எங்க?"

"தர்மன் மறந்துட்டான்க்கா."

"அவன் கால்ல இருக்குற செருப்பையே மறக்கிறவன். அவன் மறந்தா வரி போயிடுமா?"

"அவன் மறந்தா பச்சையம்மாக்காவும் மறந்துடும். கும்மின்னா கை தட்டணும், காலு எடுத்து வைக்கணும், நடுவுல பக்கத்துல நிக்கிறவ என்ன பொடவ கட்டியிருக்கான்னும் பாக்கணும். அத்தனைக்கும் நடுவுல வாயில நிக்கிறதுதான் வரி."

"தர்மனுக்கு இது தெரியுமா?"

"ஐயையோ, சொல்லிடாத. தெரிஞ்சா ஞாபகம் வச்சிக்கப் பாப்பான். கெட்டுச்சு."

போன கார்த்திகையில் தர்மன் அரியலூருக்குப் போய்விட்டான். அவன் மனைவியின் ஊர் அது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரியில் வேலை. கரும்பு போல நான்கு மாதம் அல்ல, வருடம் முழுக்க உண்டு. தம்பி மனதார அனுப்பி வைத்தான். ஆனால் அந்த சீசனில் அவன் யாரோடும் ஜோடி சேரவில்லை. தனியாக நின்றான், கண்ணயராமல் நின்றான். மத்தியானம் சோறு சாப்பிடும்போது தர்மனுக்குப் போன் போட்டுப் பேசுவான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை.

பங்குனி பாதியில் பச்சையம்மாள் அக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் கும்மிக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"ஏம்பா பெருமாளு, பாட்டு எங்க?"

"வருதுக்கா."

"வருது வருதுங்கறியே, அது என்ன பூலாம்பாடி பஸ்ஸா? கைய காட்டி ஏறிக்கிறதுக்கு?"

தம்பி சிரித்தான். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. காப்புக் கட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் காஜா எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான்.

"அக்கா, இந்த வருசம் பாட்டு இல்ல. இனிமேயும் வராது. பச்சையம்மாக்காகிட்ட நீயே சொல்லிடு."

சொல்லியிருக்கலாம். நான் அளவு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். தர்மன் மறந்த வரிகள் ஆறு வருடத்தில் நாற்பத்தொன்று சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் அழகான வரி.

"இதெல்லாம் வீணாத்தானே கெடக்கு. இதுலேருந்து எடுத்துக் கட்டு" என்றேன்.

அவனுக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் நான் எழுதி வைத்த அக்கறைக்காக உட்கார்ந்தான். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பத்தொன்பது வரியைக் கோத்தான். கிளி வரி முதலில் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காப்புக் கட்டிய சாயங்காலம் முதல் பழக்கம். பச்சையம்மாள் அக்கா இரண்டு வரி சொல்லிக் கொடுத்துச் சுற்றத் தொடங்கினார். முதல் சுற்று ஒருவழியாகப் போனது. இரண்டாவது சுற்றில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். மூன்றாவது சுற்றில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பக்கத்தில் நின்ற மலர்கொடி என் மேல் வந்து மோதிக்கொண்டாள். அக்கா நின்றுவிட்டார்.

"இது என்னடி பாட்டு? பத்திர ஆபீஸ்ல படிக்கிற மாதிரி இருக்கு. நாலு எல்லைய சொல்றதுதான் பாக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தான். அவனைக் கண்டதும் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. நாலு நாள் பாப்போம். இல்லாட்டி போன வருசப் பாட்டையே பாடிடுவோம். அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள்தான். ஆனால் தம்பி திரும்பி நடந்த நடையைப் பார்த்தேன். இந்த ஒரு வருடம் பழைய பாட்டைப் பாடிவிட்டால் அவன் மறுபடி வாயைத் திறக்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெட்டி ஒதுக்கிய துண்டெல்லாம் நல்ல துணிதான், அதற்காக ஒட்டுப்போட்டு ஜாக்கெட் தைக்க முடியாது. இதே தொழிலைச் செய்கிற எனக்கே அது உறைக்கவில்லை.

தர்மனின் மகள் கவியாவுக்குத் திருவிழாவுக்காகப் பட்டுப் பாவாடை தைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அதைப் பையில் வைத்துக்கொண்டு, "அரியலூர் போயிட்டு வந்துடலாம், வா" என்றேன்.

"நீ போயிட்டு வாக்கா."

"பை கனமா இருக்கு."

"ஒரு பாவாடை என்னக்கா கனம்?"

"இருக்குங்கறேன்ல. வா."

பெரம்பலூர் போய் பஸ் மாறி அரியலூரில் இறங்கினோம். லாரி நிறுத்துகிற ரோட்டோரத்தில் முருங்கை மரத்து டீக்கடையில் நிற்கச் சொல்லியிருந்தான் தர்மன். முக்கால் மணி நேரம் நின்றோம். அவன் எதிர்ச்சாரியில் இன்னொரு கடையில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தான். அந்தக் கடையில் மரமே இல்லை.

"இதுலயா சொன்னேன்? சரி விடு" என்று ரோட்டைத் தாண்டி வந்தான். புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

"என்னடா மாப்ள, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவரு மாதிரி நிக்கிற?" என்றான் தம்பி.

"கல்லுத் தூசிடா. வூட்டுக்குப் போனா கவியா தாத்தான்னு கூப்புடுது."

டீ வந்தது. பாவாடையைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

"பாட்டு ஆச்சா?"

"இல்லடா. இந்த வருசம் வல்ல."

தர்மன் பாவாடையை மடித்துப் பெஞ்சில் வைத்தான். டீயைக் குடித்து முடித்தான். "தார்ப்பாய் கட்டிட்டு வந்துடறேன், லோடு போகணும்" என்று எழுந்து லாரிக்குப் போனான். சக்கரத்தில் ஒரு காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தான். இழுக்கிற இழுப்புக்கு வாயில் ஏதோ வந்தது.

வேப்ப மரத்து நெழலு – அங்க
சும்மா தானே கெடக்குது

அடுத்த இழுப்புக்கும் அதே வரி. தம்பி டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"டேய், இது எங்க புடிச்ச?"

"எது?"

"இப்பப் பாடினியே."

"பாடினனா?" தர்மன் கயிற்றோடு திரும்பினான். "ஓ, அதுவா. நீதானடா சொன்ன, தை மாசம் போன்ல. ஆலையில நா நிறுத்துன வேப்பமரத்தடியில இப்ப எவனும் வண்டி நிறுத்தல, நெழலு சும்மா கெடக்குன்னு. அது தலையில உக்காந்துக்கிச்சு. லோடு கட்டுறப்பல்லாம் வருது."

"வேற என்ன சொன்னேன்?"

"தெனம் பேசுன, எல்லாத்துக்கும் நா எங்க போவேன்? இரு… ஒரு கொக்கு. கரும்பு லோடு மேல வந்து உக்காந்துக்கிட்டு, டோக்கனே வாங்காம நேரா உள்ள போயிடுச்சுன்ன. அப்பறம் ஒருநாள் அக்கா பழக்கதோசத்துல ரெண்டு பேருக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டாங்க, யாரு திங்கிறதுன்ன. அவ்வளவுதான். மத்ததெல்லாம் போச்சு."

அந்தச் சோறு நான் கட்டியது, சட்டியை மறக்கிற தர்மனுக்கும் சேர்த்துக் கட்டிப் பழகிய கை. ஒருநாள் அல்ல, அந்த மாதம் முழுக்க அப்படித்தான் கட்டியிருக்கிறேன். சட்டி காலியாகத் திரும்பி வந்ததால் எனக்குத் தெரியவில்லை.

தம்பி எழுந்து லாரிப் பக்கம் போனான். பிறகு ஆறு வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டான். தர்மன் லாரியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"அப்ப என்னைய வச்சு சலிச்சிருக்க. நா என்ன சல்லடையாடா?"

"ஆமாடா."

"நா மறந்ததெல்லாம்?"

"அக்கா நோட்டுல இருக்கு."

"அக்கா, அதக் கொளுத்திடுங்க. எம் பொண்டாட்டி கையில கெடைச்சா, இன்னும் என்னென்ன மறந்தன்னு கணக்கு எடுக்க ஆரம்பிச்சிடுவா."

திரும்பி வரும்போது தம்பி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பஸ் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். பெரம்பலூர் நெருங்குவதற்குள் வாயில் சத்தம் வந்துவிட்டது. பையில் நோட்டு இருந்தது, பேனாவும் இருந்தது. எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான்.

"இப்ப வேணாம்க்கா."

மறுநாள் சாயங்காலம் பாட்டைக் கொடுத்தான். பச்சையம்மாள் அக்கா இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டார். 'அங்க' என்று இருந்த இடத்தில் 'தாயே' என்று அவராகவே போட்டுக்கொண்டார். தம்பி அதை மாற்றவில்லை.

வேப்ப மரத்து நெழலு – தாயே
சும்மா தானே கெடக்குது
ரெண்டு பேருக்குக் கட்டின சோறு
தூக்குச் சட்டியில் இருக்குது
டோக்கன் இல்லாக் கொக்கு ஒண்ணு
முன்னால் முன்னால் போகுது
வாம்மா தாயே, வரிசை எல்லாம்
உன்னைத் தானே பாக்குது

எட்டாம் நாள் அம்மன் முன்னால் அடித்தோம். யார் கையும் யார் மேலும் படவில்லை. வரிசை உன்னைப் பார்க்குது என்ற இடத்தில் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அம்மன் பக்கம் திரும்பினார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. தம்பி மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வருகிறேன் என்று சொன்ன தர்மன் வரவில்லை.

மறுநாள் காலை, வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மனைவி மகளோடு வந்து இறங்கினான்.

"கும்மி எத்தன மணிக்கு?"

"நேத்து" என்றான் தம்பி.

"நேத்தா?"

அவன் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். கவியா நான் தைத்த பாவாடையில் தடுக்கிக்கொண்டு வந்தாள். நான்கு விரற்கடை நீளம் அதிகம். அளவைப் போனில் தர்மன் சொல்லியிருந்தான். நான் அவளை நிற்க வைத்துக் குனிந்து ஓரத்தை மடித்து ஊசி போட்டேன்.

குழாயடியில் குடம் வைத்திருந்த பச்சையம்மாள் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "அரியலூர்லேருந்து வந்த புள்ள, சும்மாவா அனுப்புறது? வாங்கடி" என்றார். ஏழெட்டுப் பேர் குடத்தை இறக்கிவிட்டு வந்தார்கள். மைக் இல்லை, புதுப் புடவை இல்லை. ஈரக் கையோடு சுற்றினார்கள். ஒரு வரி தவறவில்லை.

தர்மன் வாயைத் திறந்தபடி முழுப் பாட்டையும் கேட்டான். முடிந்ததும் தம்பியின் தோளில் தட்டினான்.

"நல்லா இருக்கேடா மாப்ள. அந்த நெழலு வரி ரொம்ப நல்லா இருக்கு. எப்படா கட்டுன?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் ஊசியை வாயில் வைத்திருந்தேன்.

"நீ அரியலூர் போனதுக்கப்பறம்" என்றான்.