கஞ்சி குடிக்காதவர்

மகளுக்கு ஏழு மாதமாக இருந்தபோது என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. போர் முடிந்து உயிலங்குளத்தில் மீளக் குடியேறி, வீட்டுத்திட்டத்து வீட்டுக்கு அப்போதுதான் கூரை போட்டு முடித்திருந்தோம். இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று கணவர் சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். அது உதவவில்லை. கைத்தொலைபேசியில் தேடித்தேடி வாசித்தேன். பரம்பரையலகின், அதாவது ஜீனின், எழுத்து மாறாமலே, அதன்மேல் மெதைல் என்ற சின்னக் கூறு ஒட்டி அதை அடைத்துவிடுமாம். கட்டி வளராமல் காவல் இருக்கும் அலகுகள் இப்படி அடைபடுவதும் மார்புப் புற்றுநோயில் நடக்கிறதாம். பசி, புகை, நெடுநாள் பயம் ஆகியவை இந்த அடையாளங்களை மாற்றுமா என்று ஆராய்கிறார்களாம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்களிடம் வேறென்ன இருந்தது என்று யோசித்தேன். ஒரு கஞ்சிப் பானையும் இருந்தது.

அன்றிலிருந்து வலது பக்கம் மட்டும் பால் கொடுத்தேன். அதுவும் பிழையோ என்று மறுநாள் இரண்டிலும் கொடுத்தேன். அதன்பின் இரண்டையும் நினைத்துப் பயந்தேன்.

மன்னாரில் கிளினிக்குக்கு அம்மாவும் வந்தார். பிள்ளை அவர் மடியில். டொக்டர் ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

“குடும்பத்தில ஆருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்ததோ?”

“ஒருத்தருக்கும் இல்லை” என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையாக.

“உங்கட அம்மாவுக்கு?”

“அவ ஷெல் விழுந்து செத்தவ. நாப்பது வயசும் இல்லை.”

“சகோதரிமார்?”

“அக்கா பிள்ளைப்பேறில. தங்கச்சி அம்மாவோட, அதே ஷெல்லில.”

“இவவின்ர அப்பா பக்கம்?”

“ஒரு மாமிதான். காணாமல் போனவ. அவவுக்கு வருத்தம் நோய் ஏதும் இருந்ததோ தெரியாது.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “அம்மா, இது கூடுதலா வாற வயசுக்கு உங்கட வீட்டில ஒருத்தரும் வரேல்லையே.”

“நான் வந்திட்டன்” என்றார் அம்மா.

நான் இடையில் புகுந்து என் கேள்வியைக் கேட்டேன். “டொக்டர், இடம்பெயர்ந்த காலத்துப் பசியும் புகையும் என்னில அடையாளம் வைச்சிருந்தா, பாலோட பிள்ளைக்குப் போகுமோ?”

அம்மா என் பக்கம் திரும்பினார். “உன்னை நான் பசியில விட்டனானோ? இருந்த கஞ்சி முழுக்க உனக்குத்தானே தந்தனான்.”

“உங்களைக் குறை சொல்லேல்லை அம்மா.”

“பின்னை ஆரைச் சொல்லுறாய்? மெதைலையோ?”

நான் பஸ்ஸில் முழு வழியும் விளங்கப்படுத்தியிருந்தேன்.

“ஒரு ஆளைக் காட்டி, இந்தப் பசியாலதான் வந்தது எண்டு சொல்ல ஏலாது” என்றார் டொக்டர். “கட்டியில இருக்கிற அந்த அடையாளம் அந்த உயிர்க்கலங்களிலதான். பாலில போய் ஒட்டாது. நீங்கள் குடுங்கோ.”

ஸ்கேன் செய்தார்கள், ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சோதனைக்கும் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது, அது பால் அடைத்து வந்த கட்டி என்றார் டொக்டர். ஏழு மாதமாகப் பால் கொடுப்பவளுக்கு அந்த எண்ணம் மட்டும் வரவேயில்லை.

எழும்பப் போன அம்மாவின் கையைப் பிடித்தேன். “டொக்டர், அம்மாவையும் ஒருக்காப் பாருங்கோ.”

“எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கிறன்.”

“கஞ்சி குடிக்காதவ நீங்கள்தானே.”

அம்மா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தபடி திரைச்சீலைக்குப் பின்னால் போனார். உள்ளே இருந்து குரல் வந்தது.

“சும்மா இருக்காமல் பிள்ளைக்குப் பாலைக் குடு. இடது பக்கம்.”