அருந்தவனின் ரெபெல் மெஷின்

மெல்பேணில் பழைய அமெரிக்கக் கார் என்றால் எல்லோரும் மஸ்டாங்கைத்தான் சொல்வார்கள். அருந்தவன் அங்கிளிடம் இருந்தது அது அல்ல. ஏஎம்சி என்ற நிறுவனம் 1970இல் செய்த ரெபெல் மெஷின். குடும்பத்தோடு போகிற சாதாரணக் காருக்குள் பெரிய வி8 எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தார்கள். வெள்ளை உடம்பு, சிவப்பு நீலப் பட்டைகள். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர், உள்ளே இல்லாமல் எஞ்சினை மூடும் பொனெற்றின் மேலே இருக்கும். அந்த நிறுவனமே இப்போது இல்லை.

“ஒருத்தரும் தேடாத கார். அதுதான் எனக்குப் பிடிச்சது” என்பார்.

அங்கிள் இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். டண்டினோங்கில் லொறிகளுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை. எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். பெண்டிகோவுக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டகையில் அந்தக் காரைக் கண்டுபிடித்தபோது, பின்சீற்றில் கோழி முட்டையிட்டிருந்தது. தன் சம்பளத்தில் அதை வாங்கினார். சனி ஞாயிறுகளில் எங்கள் கராஜில் துருவைச் சுரண்டினார். இல்லாத பாகங்களை அமெரிக்காவிலிருந்து எடுப்பித்தார்.

காரைப் பதியும் நேரம் வந்தபோது அவருக்கு இருந்தது தற்காலிக விசா. விசாவை மறுத்தால் நம் பெயரில் இருப்பதை எல்லாம் அரசாங்கம் எடுத்துவிடும் என்று சனம் கதைத்தது. அப்படி ஒரு சட்டமும் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கிள் பயந்து, காரை அப்பாவின் பெயரில் பதிந்தார்.

“என்ர பேரில கிடந்தா என்ன, உன்ர பேரில கிடந்தா என்ன தம்பி?” என்றார் அப்பா.

போன வருடம் அங்கிளுக்கு நிரந்தர விசா கிடைத்தது. காரைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டார்.

“மாத்துவம். முதல்ல கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வம்” என்றார் அப்பா.

கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் காரை ஓட்டிவந்தது அங்கிள்தான். புதுச் சட்டை போட்டிருந்தார். கார் நிறுத்துமிடத்தில் என் அண்ணன் பிரசன்னாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் குடும்பம் நின்றது. அவர்கள் வருவதை அப்பா எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஐயர் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அங்கிள் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

“பிரசன்னா, அச்சுவினி.”

ஐயர் அந்தப் பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார்.

அங்கிள் அப்பாவிடம் மெல்லக் கேட்டார். “அண்ணை, எனக்கெல்லோ பூசை?”

“கார் என்ர பேரில தானே கிடக்கு. எங்கட கராஜில செய்தது. பொடியன் கலியாணத்துக்கு இதிலதான் போகப்போறான். நீதான் காரை ஓடப்போறாய். பிறகென்ன?”

அங்கிள் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பூசைத் தட்டில் இருந்த சாவியை எடுத்து, பழங்களை நசுக்கக் காரில் ஏறிக்கொண்டிருந்தான்.

அண்ணன் ஓட்டோமற்றிக் மட்டுமே ஓட்டிப் பழகியவன். இதில் ஸ்டியரிங் இடப்பக்கம், கிளட்ச் கல்லு மாதிரி. கார் துள்ளி நின்றது. திரும்பவும் துள்ளியது. பெண்ணின் தம்பி சிரித்தான். “மாப்பிள்ளைக்கு எல் போர்ட் வேணும்போல.” கிளட்ச் எரியும் மணம் வந்தது.

அங்கிளால் அதைத் தாங்க முடியவில்லை. போய்க் கதவைத் திறந்தார்.

“இறங்கும் தம்பி. காரைக் கெடுக்காதையும்.”

அண்ணன் இறங்க, அங்கிள் ஏறிக் காரை எடுத்தார். நான்கு பழங்களும் ஒரே தடவையில் நசுங்கின. ஒரு குலுக்கல் இல்லை. எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.

“ஆர் அந்தத் தம்பி? நல்லா கார் ஓடுறார்” என்றார் பெண்ணின் தகப்பன்.

“எங்கட வீட்டில வாடகைக்கு இருக்கிற ஒருத்தர்” என்றார் அப்பா.

அன்றே அங்கிள் அறையை விட்டார். இப்போது நோபிள் பார்க்கில் இருக்கிறார். கலியாண அழைப்போடு நானும் அப்பாவும் போனோம். எங்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்தார். காரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அப்பாதான் தொடங்கினார்.

“காலமையில கார் ஸ்ராட் ஆகுதில்லை. ஒருக்கா வந்து பாரன்.”

“வேலை கிடக்கு அண்ணை” என்று சொல்லி, கலியாண அழைப்பை இரண்டு கையாலும் அப்பாவிடமே திருப்பித் தந்தார்.