தோப்பு குரூப்புக்குப் போன சஃபாரி கேள்வி

யானைகளில் இரண்டு வகை உண்டு என்று போன மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்க யானை – போட்டோ எடுப்பதற்கு. வத்திராயிருப்பு யானை – புகார் கொடுப்பதற்கு.

சிரிக்காதீர்கள். முன்னது புல்வெளியில் கூட்டமாக நடந்து போகும். பார்த்தால் கண்ணில் நீர் வரும். பின்னது மாங்கிளையை முறிக்கும். பார்த்தால் வாயில் வேறு என்னென்னவோ வரும். இதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

ஆப்பிரிக்கா என் யோசனை அல்ல. மல்லிகாவுடையது. என் மனைவி, ராஜபாளையத்தில் கணக்கு டீச்சர். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "சங்கிலி போடாத யானைய ஒருக்கா பாக்கணுங்க. அது பாட்டுக்கு நடக்கணும். பக்கத்துல நின்னு யாரும் அதட்டக் கூடாது."

இதற்கு என்ன மறுப்பு சொல்வது? சரி என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

நான் பேண்டேஜ் துணி வியாபாரி. ஊர் ஊராகக் காயம் கட்டத் துணி அனுப்புகிறவன். என் விரலில் ஒரு கீறல் என்றால் நாற்காலி தேடுவேன். என்னைக் கொண்டுபோய்க் கதவில்லாத ஜீப்பில் உட்கார வைத்து, பக்கத்தில் சிங்கத்தை நடக்கவிட்டால்?

மதுரை டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். பொறுமைசாலி. ராத்திரி துணிக் கூடாரத்தில்தான் தங்க வேண்டும், வாசலுக்கு ஜிப் இருக்கும் என்றாள்.

"சிங்கம் ஜிப்பைத் திறந்துட்டா?"

"சிங்கத்துக்குத் திறக்கத் தெரியாது சார்."

"தெரிஞ்ச சிங்கம் ஒண்ணுகூட இல்லைன்னு எழுதித் தருவீங்களாம்மா?"

பிறகு, "இனிமே சந்தேகத்தையெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க சார்" என்றாள். பேசுவதைவிட அதுதான் அவளுக்கு நிம்மதி போலிருக்கிறது.

அனுப்பினேன். அங்கேதான் வந்தது வினை.

மலையடிவாரத்தில், வத்திராயிருப்பில் மல்லிகாவின் தம்பி கணேசனுக்குத் தோப்பு இருக்கிறது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, தென்னை வைத்திருக்கிறான். அதை ஒட்டி எங்களுக்கும் கொஞ்சம் மாமரங்கள். அதனால் தோப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் உண்டு. யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, யாரிடம் அதை விரட்டும் வெடி மிச்சம் இருக்கிறது... இதுதான் அங்கே பேச்சு.

டிராவல்ஸ் பெண்ணுக்கு அனுப்ப வேண்டிய கேள்வியை அந்த குரூப்பில் தட்டிவிட்டேன்: 'யானை வண்டிக்கு எவ்வளவு பக்கத்தில் வரும்? கட்டாயம் பார்க்க முடியுமா? பார்க்க முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?'

பதில்கள் பொழிந்தன.

'அண்ணாச்சி, கேரண்டி! எங்க வாழைக்குள்ளதான் நிக்கும்.'

'பாக்கலைன்னா பணம் நான் தாரேன். பாத்துட்டா நீங்க என் வாழைக்குப் பணம் தந்துரணும்.'

'குடும்பத்தோட வாங்கண்ணாச்சி. விரட்டுறதுக்கு ஆள் பத்தல.'

நானே சிரித்துவிட்டேன். மல்லிகாவிடம் காட்டுகிறபோது கடைசியாக ஒன்று வந்து விழுந்தது. கணேசன்.

'அத்தான், உயிரோட பாக்கணும்னா இன்னைக்கே வாங்க.'

மல்லிகா அதை இரண்டு முறை படித்தாள். "வண்டிய எடுங்க" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது நான் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

தோப்பில் கணேசன் வேலி ஓரமாகக் கம்பி இழுத்து முடித்திருந்தான். மோட்டார் ரூமிலிருந்து நேராகக் கரண்ட். உள்ளே ஃப்யூஸ் பெட்டியில் கம்பியின் கொக்கியை மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"ஏலே கணேசா, இது கொலைல்லா" என்றாள் மல்லிகா.

"தெரியும்க்கா. ஜெயிலுன்னும் தெரியும்." அவன் கத்தவில்லை. குருத்து பிடுங்கப்பட்டுக் கிடந்த ஒரு தென்னம்பிள்ளையைக் காலால் திருப்பிப் போட்டான். "மூணு வருசம் தண்ணி ஊத்துன பிள்ள. ஒரு ராத்திரில எம்புட்டு போச்சு பாரு. ஃபாரஸ்ட் ஆபீஸ்ல மனு குடுத்தேன். வந்து பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. இன்னும் நான் என்ன செய்ய? நீ சொல்லு."

மல்லிகா குனிந்து அந்தப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க பிளேன் ஏறிப் போயி யானையப் பாத்துட்டு வருவீக. நல்லாருக்கும். இங்க அதுகூடப் படுத்து எந்திரிக்கிறவன் நான்க்கா."

அவன் சொன்னதில் ஒரு சொல்லையாவது தப்பென்று சொல்ல முடியுமா?

மல்லிகா மோட்டார் ரூம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "நான் எந்திரிக்க மாட்டேன். மாட்டணும்னா என்னையத் தாண்டிப் போயி மாட்டு."

"எந்திரிக்கா. இருட்டுதுல்லா, செத்த நேரத்துல இறங்கிரும்."

"இறங்கட்டும்."

கணேசன் என் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கேன்."

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் என்னை அழைப்பது சிரிக்க வைக்க. என் வாய்க்கு எப்போதும் ஏதாவது கிடைத்துவிடும். அன்று கிடைக்கவில்லை. "வேண்டாம் கணேசா. போற பிள்ள எல்லாத்துக்கும் நாங்க பொறுப்பு" என்றேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்காதீர்கள். மலைப்பக்கம் ஏதோ முறிகிற சத்தம் அப்போதே கேட்டுவிட்டது.

அவன் அக்காவைத் தாண்டிக் கையை நீட்டி, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அக்காவும் தம்பியும் மோட்டார் ரூம் மாடிக்கு ஏறினார்கள். நான் காருக்கு ஓடினேன். கதவு நான்கையும் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றி, பின்சீட்டுக்குக் கீழே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கம்பி அறுபடுகிற சத்தம். பிறகு குருத்து கிழிபடுகிற சத்தம்... ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மாடியில் கணேசன் என்ன பாடுபட்டிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. அப்போது நினைத்ததெல்லாம் மாருதி காரின் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான்.

கீழே இறங்கி வந்த மல்லிகாவின் முகம் நனைந்திருந்தது. கணேசன் யாரோடும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனான்.

ஆப்பிரிக்கா இந்த வருஷம் இல்லை. அதற்கென்று சேர்த்தது புதுத் தென்னம்பிள்ளைகளாகவும், உயிரை எடுக்காத சோலார் வேலியாகவும் தோப்புக்குள் போயிருக்கிறது. வேலி யானையை நிறுத்துமா? தெரியாது. கணேசன் இன்னும் என்னிடம் பழையபடி பேசுவதில்லை.

மல்லிகா மாடியிலிருந்து பார்த்துச் சொன்னாள்: அன்று இறங்கியவை ஒரு தாயும் அதன் குட்டியும். இரண்டும் மலைக்குத் திரும்பிப் போயின.