இரவல் வளையலோடு ஸ்காலர்ஷிப் கேட்கப் போனேன்

மகாராஜா காலத்து மைசூரில் என் அப்பா ரயில்வே கேட்கீப்பர். இன்டர்மீடியட் தேறிய நான், பி.ஏ. படிக்க ஏழை மாணவிகளுக்கான ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன். அது கிடைக்காவிட்டால் படிப்பு அவ்வளவுதான்.

கல்லூரியில் நேரில் வரச் சொன்ன அன்று, "மூளிக் கையோட பெரியவங்க முன்னாடி நிக்காதேடி" என்று அம்மா, பக்கத்து வீட்டு ருக்மிணி அக்காவின் தங்க வளையல்களை வாங்கிப் போட்டுவிட்டாள். வளையல்களைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அக்காவும் கூடவே வந்தாள்.

பிரின்ஸிபால் அம்மா என் கையையே பார்த்தார். "இவ்வளவு தங்கம் போட்டிருக்கியே, உனக்கு எதுக்கும்மா ஸ்காலர்ஷிப்?"

இரவல் என்று சொன்னால் அம்மாவுக்கு அவமானம். கையை முந்தானைக்குள் இழுத்தேன்; வளையல்கள் கலகலத்தன. அவர் பேனாவைத் திறந்தார்.

தன் வளையலை என் சொத்தாக எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில், கதவருகே நின்ற அக்கா உள்ளே பாய்ந்தாள். "அம்மாவரே, அது என் வளையல்! இவங்க வீட்டுல குண்டுமணித் தங்கம் கிடையாது!"

பிரின்ஸிபால் அம்மா சிரித்துவிட்டார். எனக்கோ அழுகை. ஆனால் ஸ்காலர்ஷிப் கிடைத்தது.

அந்த வளையல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்று ஸ்காலர்ஷிப் கேட்கப் போகும் பெண்களிடம், இரவல் நகையைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்கிறேன். கழற்ற மாட்டேன் என்பவளோடு நானும் போய்க் கதவருகே நின்றுகொள்கிறேன்.