பனி பிழியும் இயந்திரத்துக்குப் பச்சை பெயிண்ட்

ஆயுத பூஜை நெருங்கினால் ஒரகடம் தொழிற்பேட்டைக்கு ஒரு வெறி பிடிக்கும். கிரைண்டர், உப்புத்தாள், பச்சை பெயிண்ட். எங்கள் கம்பெனியில் குப்பை வண்டிக்குக்கூட இரண்டு கோட் அடிப்பார்கள். அடிக்கட்டும், அது அவர்கள் வண்டி. என் இயந்திரத்தை யார் தொடச் சொன்னது?

அது பனியைப் பிழிகிற இயந்திரம், மடியில் அடங்குகிற அளவு. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை, நானே கற்பனை செய்தது. கழித்துப்போட்ட பல்சக்கரங்களைக் கேட்டு வாங்கிச் செய்தேன். பூஜைக்கு மறுநாள் சென்னையில் சிற்பக் கண்காட்சி. நான் தேர்வான முதல் கண்காட்சி. கைப்பிடியை இடது கைப் பழக்கமுள்ள ஒருத்தி ஆயுள் முழுக்கச் சுற்றியதுபோல் அரத்தால் தேய்த்திருந்தேன். மூடியில் மூன்று ஸ்க்ரூ ஒரே மாதிரி, நான்காவது வேறு. ஏதோ ஓர் அவசரத்தில் யாரோ கையில் கிடைத்ததை முடுக்கியிருக்கிறார்கள். எழுதி வைக்காமலே பார்க்கிறவருக்கு அந்தக் கதை தெரிய வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு பாடு.

கடைசி வெல்டிங்குக்காக மெயின்டனன்ஸ் ஷெட்டில் வைத்திருந்தபோது காய்ச்சல் வந்து இரண்டு நாள் லீவு. பூஜையன்று காலை வந்து பார்த்தால், பளபளவென்று பச்சையில், சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு நிற்கிறது. கைப்பிடி புதிது. நான்கு ஸ்க்ரூவும் ஒரே மாதிரி.

பக்கத்தில் ஃபிட்டர் அண்ணன், பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். "இன்னாம்மா, எப்டி கீது?"

"யாருண்ணா இதைத் தொடச் சொன்னது?"

"யார்னா சொல்லணுமா? ஹேண்டில் ஒரு பக்கமா தேஞ்சி பூட்ச்சி, மாத்திட்டேன். ஆமா, இது இன்னா மெஷினு?"

"பனி பிழியறது."

"பிழியுமா?"

"பிழியாது."

"ஓடாத மெஷினு எப்டிம்மா தேயும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அவருக்கும் சங்கடமாகிவிட்டது போல.

"கோச்சிக்காதம்மா. எவ்ளோ தேயணும் சொல்லு, கிரைண்டர்ல அஞ்சே நிமிஷம்."

ஐந்து நிமிஷமாம்! ஒரு ஆயுளை! நான் அரத்தால் தேய்த்ததும் பொய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யோசித்து யோசித்துச் சொன்ன பொய். அந்தக் கை எவ்வளவு பெரியது, எந்த விரல் அழுத்தும் என்பதுவரை எனக்குத் தெரியும்.

பழைய கைப்பிடி அதற்குள் ஸ்கிராப் லாரி ஏறிவிட்டிருந்தது. பொரியும் சுண்டலும் நீட்டினார்கள். வாங்கவில்லை. ஸ்கிராப் டப்பாவைத் தரையில் கவிழ்த்துப்போட்டுத் தேடினேன். என் ஸ்க்ரூ கிடைக்கவில்லை. துருப்பிடித்த வேறொன்றை எடுத்து, அவர் போட்ட புதுசு ஒன்றைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் முடுக்கினேன்.

"அது வேற சைஸும்மா. டைட்டே ஆவாது."

"ஆவ வேணாம்."

பச்சை பெயிண்டும் குங்குமமுமாக அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"புது மெஷினா பாப்பா?"

"பழசு!" என்று கத்தினேன்.