வசனம் வேண்டாம் என்ற போதகர்

நாற்பது தாண்டிய பிறகுதான் நான் மனநல கவுன்சலர் ஆனேன். அதற்கு முன்பு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனை லேபில் வேலை. நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவள்; அல்வாலில் வீடு, ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் தமிழ் ஆராதனை. ஆராதனை முடிந்ததும் ஜெபம் கேட்டு வருகிறவர்களோடு நின்று ஜெபிக்கும் குழுவில் நானும் இருந்தேன்.

ஒரு ஞாயிறு, கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். நான் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, ஜெபம் அப்புறம் பண்ணலாம். எல்லாரும் தேவ சித்தம்னு சொல்றாங்க. அவன் எப்படி இருந்தான்னு ஒருத்தர்கூட கேக்கல."

கண்ணைத் திறந்தேன். "எப்படி இருந்தான்?" என்று கேட்டேன். அவன் தலைமுடியைப் பற்றிச் சொன்னாள், பால் குடிக்கும்போது அவள் விரலைப் பிடித்துக்கொள்வதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கோயில் காலியாகி, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது, இப்படிக் கேட்பதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. கணவரிடம் சொன்னேன். "தாராளமா படி. என்னை வச்சு மட்டும் பிராக்டிஸ் பண்ணிராத" என்றார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட இளையவர். தெலுங்குப் பெண், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பயிற்சியின்போது, கவுன்சலிங்குக்கு வருகிறவர்களோடு ஜெபிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஜெபம் அவங்களுக்குத் தேவையா, உங்களுக்குத் தேவையான்னு முதல்ல பாருங்க" என்றார். "அவங்க அழறதை உங்களால தாங்க முடியாம ஜெபிச்சீங்கன்னா, அவங்க வாயை அடைக்கிறீங்கன்னு அர்த்தம்." சுருக்கென்று இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, மணிக்கட்டைப் பிடித்த அந்தப் பெண் சொன்னதும் இதைத்தானே என்று பட்டது.

சபையில் வேறு விதமான கேள்வி வந்தது. "வேதத்துல இல்லாத எதை சைக்காலஜியில படிக்கப் போறீங்க?" என்றார் கமிட்டியில் இருந்த ஒருவர். "காய்ச்சல்னா ஜெபமும் பண்றோம், மாத்திரையும் போடுறோம். அந்த மாத்திரையை இத்தனை வருஷமா டெஸ்ட் பண்ணி அனுப்பினதே நான்தானே" என்றேன். சிரித்துவிட்டார்.

படிப்பு முடிந்து, போவன்பள்ளியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே சின்ன அறை எடுத்தேன். அங்கே வந்த ஒருவரைப் பற்றி, அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

அவர் வேறொரு சபையின் போதகர். தலைமுறைகளாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஸ்கூட்டரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சிஸ்டர், ஒரே கண்டிஷன். வசனம் மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம். எல்லாம் எனக்கு மனப்பாடம்."

"சரி பாஸ்டர், வசனம் கிடையாது."

பிரசங்க மேடையில் ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, கை மரத்துப்போகிறது, சட்டை நனைந்துவிடுகிறது என்றார். டாக்டர் இதயத்தில் கோளாறில்லை என்று சொல்லிவிட்டாராம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மழைக்காலம் முடிந்ததிலிருந்து என்றார். அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டபோது, ஏதோ சாதாரணச் செய்திபோலச் சொன்னார்.

"அம்மா போயிட்டாங்க. அடக்க ஆராதனையை நானேதான் நடத்தினேன்."

"அன்னைக்கு அழுதீங்களா?"

"கையில மைக் இருந்துச்சே, சிஸ்டர்."

எனக்கு நாக்கு நுனிவரை ஒரு ஜெபம் வந்தது. அவருக்காக இல்லை, அந்த அமைதியை என்னால் தாங்க முடியாததால். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவராகவே பேசினார். அம்மா எப்போதும் இரண்டாவது வரிசையில் உட்காருவாராம். பிரசங்கம் நீண்டால் கைப்பையைத் திறந்து 'டப்'பென்று மூடுவாராம். அதுதான் முடிக்கச் சொல்லும் சிக்னல்.

"இப்போ எங்க நிறுத்தணும்னே தெரியல" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். நான் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அதன்பிறகு பல வாரம் வந்தார். மூச்சுப் பயிற்சி செய்தோம், அம்மாவைப் பற்றி நிறையப் பேசினோம். முதல் வருட நினைவு ஆராதனை நெருங்கியபோது, "இந்தத் தடவை மைக்கை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு நீங்க மகனா உக்காரலாமே?" என்றேன்.

"சபை என்ன நினைக்கும்? பாஸ்டருக்கே விசுவாசம் கொறஞ்சுபோச்சுன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நீங்க வேண்டாம்னதால நான் வசனம் எதையும் சொல்லல. ஆனா நண்பனோட கல்லறைப் பக்கம் நின்னு அழுதது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

என்னை உற்றுப் பார்த்தார். "'இயேசு கண்ணீர் விட்டார்.' சிஸ்டர், இது வசனம்தான்" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

ஆராதனையை அவருடைய நண்பர் ஒருவர் நடத்தினார். இவர், தன் மனைவிக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். யாரும் எதுவும் தப்பாக நினைக்கவில்லை. வெளியே வந்ததும், சபையில் ஒரு வயதானவர் கட்டிப்பிடித்து, "ஐயா, உங்க வீட்டு துக்கத்தை நாங்களும் சுமக்க இன்னைக்குத்தான் விட்டீங்க" என்றாராம்.

கடைசியாக என் அறைக்கு வந்த அன்று, எழுந்திருக்கும்போது தயங்கினார். "எனக்காக யாரும் ஜெபம் பண்ணி ரொம்ப நாளாச்சு. எல்லாருக்கும் நான்தான் பண்றேன். நீங்க பண்ணுவீங்களா?"

ஜெபம் யாருக்குத் தேவை என்று இந்த முறை எனக்குச் சந்தேகம் வரவில்லை. "என்ன கேக்கட்டும்?" என்றேன்.

"ஒண்ணும் கேக்க வேண்டாம். அம்மாவைக் குடுத்ததுக்கு நன்றி மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். நாலைந்து வரிதான். கீழே மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறி லாரிகளின் ஹாரன் சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் உரக்க "ஆமென்" என்றார். இப்போதும் எப்போதாவது மேடையில் நெஞ்சு இறுகுமாம். நின்று, மூச்சுவிட்டு, தொடர்கிறார்.

அவர் கடைசியாக வந்த அன்று, அவருக்கு அடுத்து வந்தது சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண். முதல் நாளே, "சாமி பத்தி மட்டும் பேசாதீங்க மேடம்" என்று சொல்லியிருந்தாள். நாங்கள் பேசியது அவளுடைய தூக்கத்தைப் பற்றியும், அவளுடைய மேனேஜரைப் பற்றியும்தான். அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் நான் விசுவாசிதான். அவள் பேசி முடிக்கும்வரை அவசரப்படாமல் கேட்டேன். என் விசுவாசத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தில் வேறு வேலை இருக்கவில்லை. போகும்போது, "அடுத்த வாரமும் இதே நேரம்தானே?" என்று அவளே கேட்டாள்.